ஒரு புற்று, இரண்டு குடி

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் என் தாய்மாமாவுக்கு இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பும், அதை ஒட்டி ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான கடலைக்காடும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவிலுள்ள வரப்பில், என் இடுப்புக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், ஒரு கரையான் புற்று நிற்கிறது. கடலைச் செடிகள் பூத்து விழுது இறங்கும் பருவத்தில் மூன்று வருடங்களாகத் திட்டுத் திட்டாக வாடிக்கொண்டிருந்ததால், மாமா பழியை அந்தப் புற்றின்மேல் போட்டு, கடப்பாரையால் உச்சியை இடித்து, மருந்து கலந்த தண்ணீரைக் குடம் குடமாக உள்ளே ஊற்றினார். அடுத்த மழைக்குள் புற்று மறுபடி எழுந்துவிட்டது. செடிகள் வாடுவதும் நிற்கவில்லை. நான் விலங்கியல் படித்தவன், அதிலும் பூச்சிகளோடு புழங்குகிறவன் என்பதால், "இத்தனை படிச்சிருக்கறயே மாப்ள, இது என்ன கரையான்னு சொல்லிப்போடு பார்ப்போம்" என்று ஒரு நாள் களத்தில் உட்கார்ந்து கேட்டார். ஒரு வாரத்தில் சொல்லிவிடுகிறேன் என்றேன். எட்டு மாதம் ஆயிற்று.

கேள்வி எளிமையானது போலத் தோன்றினாலும் அப்படியல்ல. இந்தியாவில் பெயரிடப்பட்ட கரையான் இனங்கள் 300ஐ ஒட்டி இருக்கின்றன. அவற்றில் காளான் வளர்க்கும் கூட்டம் தனி. இவை தின்ற இலைச்சருகையும் மரத்தூளையும் அரைகுறையாகச் செரித்த நிலையிலேயே வெளியேற்றி, அந்தக் கழிவை அடுக்கி, கடற்பஞ்சு போன்ற ஒரு பாத்தியைக் கட்டி, அதில் டெர்மிட்டோமைசெஸ் என்னும் காளானை வளர்க்கின்றன. மரக்கூழில் கரையானின் குடலால் எளிதில் உடைக்க முடியாதவற்றைக் காளான் உடைத்துத் தருகிறது. நம் ஊரில் இந்தப் பாத்திக்குப் புற்றாஞ்சோறு என்று பெயர். பழைய தமிழில் இதுவே குரும்பி: அகநானூற்றில் மழையில் நனைந்த ஈயல் புற்றைக் கிளறும் ஆண்கரடி குரும்பியைத்தான் உணவாகத் தேடுகிறது. எங்கள் பகுதியில் மலையாளம் பேசுகிறவர்கள் கரையானைச் 'சிதல்' என்று சொல்வதைக் கேட்டு அது அவர்களுடைய சொல் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். சங்கப் பாட்டில் சுவரை அரிப்பதும் அதே சிதல்தான். நவீன அறிவியலிலும் புற்றாஞ்சோற்றின் முதல் குறிப்புகளில் ஒன்று தமிழ்நாட்டு மண்ணிலிருந்தே வந்தது. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவரும் தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்தவருமான கோனிக், புற்றுகளைத் தோண்டிப் பார்த்து, உள்ளே காளான் வளர்வதை 1779இல் எழுதினார். அவர் சூட்டிய பெயர்களில் ஒன்று இன்றும் மேக்ரோடெர்மிஸ் கன்வல்சனேரியஸ் என்ற வடிவில் புழக்கத்தில் இருக்கிறது.

பெயர் சொல்வதற்குப் புற்றின் வடிவம் முதல் சாட்சி. மாமாவின் புற்று கோயில் கோபுரம்போலக் கூம்பி, பக்கங்களில் செங்குத்தான மண் மடிப்புகளோடு, உச்சியில் திறப்பு ஏதும் இல்லாமல் இருந்தது. இப்படி மடிப்பும் மூடிய உச்சியும் கொண்ட புற்று தென்னிந்தியாவில் பெரும்பாலும் ஓடொன்டோடெர்மிஸ் ஒபீசஸ் கட்டுவது. நெருங்கிய உறவான ஓடொன்டோடெர்மிஸ் வாலனென்சிஸ் கட்டும் புற்றில் புகைபோக்கி போன்ற திறந்த குழாய்கள் மேலே நிற்கும். ஆனால் புற்றைப் பார்த்து மட்டும் பெயர் எழுதுவது, வீட்டின் ஓட்டைப் பார்த்துக் குடியிருப்பவரின் பெயரைச் சொல்வதற்குச் சமம். இந்த உவமையை நான் எழுதத் தொடங்கிய பிறகுதான் அது என் கதைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று உறைத்தது.

இரண்டாவது சாட்சி சிப்பாய். கரையான்களில் வேலைக்காரர்கள் எல்லா இனங்களிலும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருப்பதால், பெயர் காண்பதற்கு அவற்றால் பெரிய உதவி இல்லை. சண்டைக்கென்று பிறந்த சிப்பாயின் தலையில்தான் அடையாளங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எண்பது சதவீத ஆல்கஹாலில் கிடந்த சிப்பாய் ஒன்றை ஊசிமுனையால் கண்ணாடிக் குழியில் போட்டு, தலை கிடைமட்டமாகப் படியும்படி சிறிது மணலில் பதித்து, உருப்பெருக்கியை அதன்மேல் இறக்கினால் முதலில் தெரிவது மஞ்சளும் பழுப்பும் கலந்த முட்டை வடிவத் தலை. அதன் முன்னே அரிவாள்போல உள்ளே வளைந்த இரண்டு தாடைகள். இடது தாடையின் உட்புறத்தில் மட்டும், தெளிவாக, முள்போல ஒரே ஒரு பல். ஓடொன்டோடெர்மிஸ் என்ற பெயரே பல்லுடைய கரையான் என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பல் தாடையின் நுனியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற விகிதம், இந்தப் பேரினத்துக்குள் ஓர் இனத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் முக்கியமான அளவுகளில் ஒன்று.

காளான் வளர்க்கும் இன்னொரு பேரினமான மேக்ரோடெர்மிஸ் என்றால் குழப்பமே இருக்காது. அதில் பெரிய சிப்பாய், சிறிய சிப்பாய் என்று இரண்டு வகை உண்டு. தாடையில் அப்படித் துருத்தும் பல் இல்லை. மேலுதட்டின் நுனி கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்படி இருக்கும். பெரிய சிப்பாய் கடித்தால் விரலில் ரத்தம் வரும். ஓடொன்டோடெர்மிஸ் சிப்பாய் கடிக்கும்போது வாயில் பழுப்பு நீர் ஒன்றைக் கக்கும், அது கைக்குட்டையில் பட்டால் கறை நிற்கும். அதே கூட்டத்தின் மற்றொரு பேரினமான மைக்ரோடெர்மிஸின் சிப்பாய்கள் இவற்றின் பக்கத்தில் குழந்தைகள்: தலை மிகச் சிறியது, தாடைகள் ஒல்லியாகவும் வலுவற்றும் இருக்கும், எடுப்பான பல் கிடையாது, எண்ணிக்கையிலும் மிகக் குறைவு. பாத்தியைக் கிளறி நூறு வேலைக்காரர்களைப் பார்த்த பிறகும் ஒரு சிப்பாய் கண்ணில் படாமல் போகலாம்.

உண்மையான தலைவலி ஓடொன்டோடெர்மிஸின் உள்ளேதான். இந்தியாவில் மட்டும் இந்தப் பேரினத்தில் சுமார் 40 இனங்கள் உண்டு. தலையின் அகலம், தாடை வரையிலான நீளம், இடது தாடையின் நீளம், பல்லின் தூரம், தாடைக்கு அடியில் கவசம்போலப் படியும் பட்டையின் நீள அகலம், கழுத்துக் கவசம், உணர்கொம்பின் கணுக்களின் எண்ணிக்கை என்று பத்துக்கு மேற்பட்ட அளவுகளைக் கண்ணருகே வைத்த நுண்ணளவுகோலால் எடுத்து, அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். ஓர் இனத்தின் பெரிய தலையும் அடுத்த இனத்தின் சிறிய தலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், ஒரே ஒரு சிப்பாயை அளந்து பெயர் எழுதுகிறவர் சோதிடம் பார்க்கிறார் என்றே சொல்வேன். ஒரு புற்றுக்குப் பத்துச் சிப்பாய்களாவது வேண்டும். மித்தன் லால் ரூன்வாலும் ஓ. பி. சோட்டானியும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து செய்தது இந்த வேலையைத்தான். அவர்களுடைய அளவுகளை நம்பாமல் இந்தியக் கரையானுக்குப் பெயர் வைக்க யாராலும் முடியாது.

தோண்டிய நாளைச் சொல்ல வேண்டும். புற்றில் மஞ்சளோ குங்குமமோ இல்லை என்பதை அத்தை உறுதி செய்த பிறகே கடப்பாரையைக் கொடுத்தார். அந்த வீட்டில் மஞ்சள் பூசிய புற்றை யாரும் தொட மாட்டார்கள். மேல் ஓட்டை ஒரு பக்கம் பிளந்ததும் சிப்பாய்கள் விளிம்புக்கு வந்து தாடையை விரித்து நின்றன. வேலைக்காரர்கள் அவற்றின் முதுகுக்குப் பின்னால் ஈரமண் உருண்டைகளோடு ஓட்டையை அடைக்கத் தொடங்கிவிட்டனர். ஒரு முழ ஆழத்தில் இரண்டு கை சேர்த்தால் அடங்கும் அளவுக்குப் புற்றாஞ்சோறு, இளம் பழுப்பு நிறத்தில், மடிப்பு மடிப்பாக, மேலெல்லாம் கசகசா தூவியது போன்ற வெள்ளை மணிகளோடு இருந்தது. அந்த மணிகள்தான் கரையான் தின்னும் காளான் முடிச்சுகள். வெளிச்சுவரின் தடிமனுக்குள் இலந்தைப்பழம் அளவில் ஒரு சிறு சோற்று உருண்டையும் கண்ணில் பட்டது. புதிதாகக் கட்டத் தொடங்கிய பாத்தி என்று நினைத்து, அதிலிருந்த சின்னச் சின்ன வேலைக்காரர்களையும் அதே புட்டியில் தட்டிவிட்டேன். கொஞ்சம் புற்றாஞ்சோற்றை ஈரத்தோடு ஒரு போத்தலில் போட்டு வீட்டுக்கும் கொண்டு போனேன். கரையான் இல்லாத சோற்றில் ஒரு வாரத்துக்குள் சாம்பல் நிறக் காம்புகளாக வேறொரு பூஞ்சை கிளம்பிவிட்டது. வேலைக்காரர்கள் இரவும் பகலும் களை எடுக்கிறார்கள் என்பதற்கு அதைவிடக் கண்கூடான ஆதாரம் தேவையில்லை.

சிப்பாய்களின் தலை சொன்னது ஓடொன்டோடெர்மிஸ் ஒபீசஸ். பத்துச் சிப்பாய்களிலும் பல் இருந்த இடமும் தலையின் அளவும் அட்டவணைக்குள் அடங்கின. அளந்த சிப்பாய்களைக் கெடுக்க மனமில்லாமல், டி.என்.ஏ.வுக்கு வேலைக்காரர்களை எடுத்தேன். எண்ணிக்கையில் பல இருந்தால் நல்லது என்று சிறியவற்றில் ஐந்தைப் பொறுக்கினேன். எட்டு மாதக் கணக்கில் ஐந்து மாதம் இந்த ஒரு வரியில் போயிற்று.

ஆய்வகத்தில் செய்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக்காரரின் வயிற்றை முதலில் வெட்டி எறிந்துவிட வேண்டும். குடலில் காளானும் செடியும் பாக்டீரியாவும் சேர்ந்து கிடப்பதால் யாருடைய டி.என்.ஏ. கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தலையையும் காலையும் நசுக்கி, புரதத்தைக் கரைக்கும் நொதியோடு 56 பாகையில் ஓர் இரவு வைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்த பின், பி.சி.ஆர். இயந்திரத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.1 மரபணுவில் 658 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் வேதி அலகுகள்) கொண்ட ஒரு துண்டை மட்டும் பெருக்குகிறோம். விலங்குகளுக்கு இந்தத் துண்டையே இனத்தை அடையாளம் காட்டும் பட்டைக்குறியாக வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையைக் கனடாவின் பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்தார். எழுத்துகள் வந்ததும் நேரே கணினித் தரவுத்தளத்தில் போட்டுப் பெயர் தேடும் அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும் இருந்தது. அதற்கு முன் அந்த எழுத்துகளைப் புரதமாக மொழிபெயர்த்து, நடுவில் நிறுத்தக்குறி விழுகிறதா என்று பார்ப்பது அவசியம். விழுந்தால் நாம் பெருக்கியது உண்மையான மரபணு அல்ல, எப்போதோ உட்கருவுக்குள் நகர்ந்து செத்துக் கிடக்கும் பிரதி. இதைச் செய்யும்போது பூச்சிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்கான அகராதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் பொது அகராதியில் நிறுத்து என்று பொருள்படும் டி-ஜி-ஏ என்ற மூன்றெழுத்துக் குறி, இங்கே டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. இதை மறந்து நல்ல வரிசையைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

என் வரிசை இந்தச் சோதனைகளையெல்லாம் தாண்டியது. தரவுத்தளம் சொன்ன பெயர் மைக்ரோடெர்மிஸ் ஒபெசி.

ஒபீசஸ், ஒபெசி என்று பெயர்கள் ஒத்திருப்பதால் முதல் நொடியில் நான் சரியாகத்தான் வாசித்தேனா என்ற சந்தேகம் வந்தது. பேரினமே வேறு. தரவுத்தளத்திலிருந்த ஓடொன்டோடெர்மிஸ் ஒபீசஸ் வரிசையோடு வைத்துப் பார்த்தால் 658இல் எண்பதுக்கு மேல் எழுத்துகள் வேறுபட்டன. ஐந்து வேலைக்காரர்களிலும் அதே கதை. ஆய்வகத்தில் மாதிரி கலந்துவிட்டது என்று நினைத்து, புதிய கரைசல்களோடு மறுபடி செய்தேன். அதே பெயர் வந்தது. தரவுத்தளத்தில் யாரோ தவறான பெயரில் ஏற்றியிருக்கிறார்கள் என்று அடுத்துச் சந்தேகித்தேன். அந்தச் சந்தேகம் பொதுவாக நியாயமானது: டி.என்.ஏ. தன் பெயரைத் தானே சொல்வதில்லை, முன்பு யாரோ ஒருவர் சிப்பாயின் தலையைப் பார்த்து எழுதிய பெயரையே திருப்பிச் சொல்கிறது, அவர் தவறியிருந்தால் அந்தத் தவறு அவருக்குப் பின்னால் வரும் அத்தனை பேருக்கும் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இங்கே வெவ்வேறு இடங்களிலிருந்து ஏற்றப்பட்ட மைக்ரோடெர்மிஸ் வரிசைகள் எல்லாமே என்னுடையதோடு ஒரே கிளையில் சேர்ந்து நின்றன. தவறு அங்கே இல்லை.

புட்டியைத் தட்டில் கவிழ்த்து, வேலைக்காரர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஓடொன்டோடெர்மிஸில் வேலைக்காரர்கள் பெரியவை, சிறியவை என்று இரண்டு அளவில் உண்டு. நான் பொறுக்கிய சிறியவற்றை அந்தச் சிறிய வகை என்றே எண்ணியிருந்தேன். இப்போது வரிசையாக அடுக்கியபோது அளவுகள் மூன்று. மூன்றாவது வரிசைக்கு நடுவில், இரண்டு வேலைக்காரர்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, ஒல்லியான தாடைகளோடு ஒரு மைக்ரோடெர்மிஸ் சிப்பாய் கிடந்தது. தாடையில் பல் இல்லை. இத்தனை மாதமாக அது அந்தப் புட்டியிலேயே இருந்திருக்கிறது.

மைக்ரோடெர்மிஸ் பெரும்பாலும் தனியாகப் புற்று எழுப்புவதில்லை. நிலத்துக்கடியில் அங்கங்கே சிறு அறைகளாகப் பரவி வாழும். வாய்ப்புக் கிடைத்தால் பெரிய கரையானின் புற்றுச்சுவருக்குள்ளும் குடியேறிவிடும். சுவரின் தடிமனில் நான் பார்த்த இலந்தைப்பழ உருண்டை புதிய பாத்தி அல்ல, அடுத்த குடும்பத்தின் அடுக்களை.

இதன் பிறகு என் முறையை மாற்றிக்கொண்டேன். தலையும் டி.என்.ஏ.வும் ஒரே உயிரிலிருந்து வர வேண்டும். சிப்பாயை முதலில் படமெடுத்து, அளந்து, ஒரு பக்கக் கால்களை மட்டும் எடுத்து டி.என்.ஏ.வுக்கு அனுப்பிவிட்டு, தலையும் உடலும் அதே எண்ணோடு புட்டியில் இருக்கும்படி வைக்கிறேன். மைக்ரோடெர்மிஸ் போன்ற சிறிய சிப்பாயில் மூன்று கால் போதாது. மார்பையும் சேர்த்துக் கரைத்து, தலையை மட்டும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு புற்றின் வெவ்வேறு அறைகளுக்கு வெவ்வேறு புட்டி. பாத்தியின் அளவையும் அது இருந்த ஆழத்தையும் உடனே குறிப்பேட்டில் எழுதிவிடுகிறேன்.

இவ்வளவு செய்தாலும் எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை. இரண்டு சதவீதத்துக்குள் வேறுபட்டால் ஒரே இனம் என்று சிலர் கோடு போடுகிறார்கள். 658 எழுத்தில் அது 13 எழுத்து. பதினான்காவது எழுத்து மாறியதும் புதிய இனம் பிறந்துவிட்டதாக அறிவிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சி.ஓ.1 என்பது தாய்வழியில் மட்டும் இறங்குகிற ஒற்றை மரபணுதான். உட்கருவிலுள்ள வேறு மரபணுக்களும், சிப்பாயின் அளவுகளும், முடிந்தால் மழைக்காலத்தில் கிளம்பும் ஈசலின் கண்ணும் சிறகும் அதே பிரிவைக் காட்டினால்தான் பேச்சு. அதேபோல, தலையளவு ஒன்றாக இருப்பதால் இரண்டு கூட்டமும் ஒன்றுதான் என்று சாதிப்பதற்கும் டி.என்.ஏ. காலத்தில் இடமில்லை. கரையான்களையே தனி வரிசையாக வைத்திருந்த நிலை மாறி, அவை கரப்பான்பூச்சிகளின் குடும்ப மரத்துக்குள் சேர்ந்ததும் டி.என்.ஏ.வின் சாட்சியில்தான். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. அத்தை மட்டும் இரண்டும் ஒரே மாதிரி நாறுகின்றன என்றார்.

கடலைக்காட்டுக்கு வருவோம். அந்தப் பருவத்தில் வாடிய செடிகள் பதினொன்றைப் பிடுங்கினேன். ஓடொன்டோடெர்மிஸ் தின்றிருந்தால் தரையை ஒட்டிய தண்டில் மண் பூச்சு இருக்க வேண்டும், காயின் ஓடு வெளிப்புறம் சுரண்டப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் அப்படி இல்லை. ஆணிவேரைக் குறுக்கே பிளந்தால் உள்ளே குழலாக இருந்தது. குழலுக்குள் மண்ணும் சின்னஞ்சிறு வேலைக்காரர்களும். ஒன்பதாவது செடியில் ஒரு சிப்பாய் கிடைத்தது. அதன் தாடையில் பல் இல்லை. அதன் மார்பிலிருந்து வந்த வரிசை, புற்றுச்சுவரில் கிடைத்த வரிசையோடு ஒரே ஓர் எழுத்தில் மட்டும் வேறுபட்டது.

"அப்போ புத்தை இடிச்சது தண்டமா?" என்று மாமா கேட்டார். "புற்றில் இருப்பவை பெரும்பாலும் உங்கள் தோப்புச் சருகைத் தின்கின்றன, மாமா. கடலையைத் தின்பது காடு முழுக்க மண்ணுக்கடியில் சிதறி இருக்கிறது. அதற்கு இடிப்பதற்கென்று ஒரு புற்றே கிடையாதுங்க" என்றேன். அவர் சற்று நேரம் புற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மருந்துக்கு ஆன செலவை மனக்கணக்காகப் போடத் தொடங்கினார். அறுவடையைத் தள்ளிப்போடாமல் எடுப்பது, பழைய கட்டைகளையும் வேர்களையும் காட்டில் விடாமல் பொறுக்குவது, நிலம் காயுமுன் தண்ணீர் பாய்ச்சுவது என்று பேச்சு அதன்பின் வேறு பக்கம் போயிற்று.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்த பதினைந்தாம் நாள் அத்தை போன் செய்தார். புற்றின் மேற்குச் சரிவில் காளான் முளைத்திருந்தது. இதிலும் இரண்டு குடிகளும் வேறுபடுகின்றன. மைக்ரோடெர்மிஸின் ராணி, ஈசலாகப் பறந்து போகும்போதே காளான் வித்துகளைத் தன் குடலில் எடுத்துப் போய்விடுவதால், அதற்குக் குடை விரியும் காளானின் தயவு தேவையில்லை. பெரும்பாலான மற்ற இனங்களின் இளம் குடும்பங்கள் வெளியிலிருந்துதான் வித்தைத் தேடிச் சேர்க்க வேண்டும்; குடைகள் மண்ணைத் துளைத்து மேலே வருவது அதற்காகத்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை ஒரு முறம் நிறையப் பறித்து, வேர்போல நீண்டு புற்றாஞ்சோறு வரை இறங்கும் அடித்தண்டுகளை ஒடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து 1979இல் விவரிக்கப்பட்ட டெர்மிட்டோமைசெஸ் ஹெய்மியாக அது இருக்கலாம் என்று சொல்லத் தோன்றியது; நாக்கைக் கடித்துக்கொண்டேன். குழம்புக்குப் போகுமுன் ஒரு குடையின் ஓரத்தைக் கிள்ளி, ஆல்கஹாலில் போட்டு, அது முளைத்த இடத்துக்கு நேர் கீழே தோண்டி இரண்டு சிப்பாய்களைத் தனிப் புட்டியில் எடுத்து, இரண்டின் மேலும் ஒரே எண்ணை எழுதினேன்.